மஞ்சள் புள்ளி வைக்காத நட்டு

ஜூன் 9

அன்புள்ள மச்சானுக்கு,

போனில் பேசினால் பாதி உங்களுக்குக் கேட்பதில்லை. கேட்காத பாதிக்கும் நீங்களாக ஒரு பதில் சொல்லிவிடுகிறீர்கள். பட்டறைக் கிரைண்டர் தின்ற காது என்று உங்கள் தங்கை சொல்வாள். போன வாரம் நான் முக்கியமான ஒன்றைச் சொன்னபோது "சரி சரி, பாத்துக்கலாம்" என்று வைத்துவிட்டீர்கள். கேட்டுத்தான் சொன்னீர்களா, கேட்காமல் சொன்னீர்களா என்று எனக்குத் தெரியவில்லை. அதனால் எழுதுகிறேன். உட்கார்ந்துகொண்டு படியுங்கள்.

உங்கள் தங்கைக்கு இனி மருந்தில் ஒன்றும் இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். வலி தெரியாமல் பார்த்துக்கொள்ளலாம், அவ்வளவுதான். மழைக்காலம் வரை நடமாடுவார்கள் என்றார். அவளுக்கு எல்லாம் தெரியும். திரும்பி வரும்போது காரில் அவள் அழவில்லை. நான்தான் பேக்கரிக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு, அடுப்பறையில் நின்று அழுதேன்.

அவள் கேட்பது ஒன்றே ஒன்று. வற்றிய ஏரிக்குள் இருக்கும் அந்த மண் மைதானத்தில், அவள் முதன்முதலில் பந்தயம் ஓட்டிய இடத்தில், இன்னொரு தடவை வண்டி ஓட்ட வேண்டும். அவள் பைக்கில் அவள், என் பைக்கில் நான். அவ்வளவு தூரம் அவளால் இப்போது பைக்கில் உட்கார்ந்து போக முடியாது. இரண்டையும் காருக்குப் பின்னால் கட்டி இழுத்துப் போக ஒரு டிரெய்லர் வேண்டும். இங்கே கடையில் செய்து வைத்தே விற்கிறார்கள். கூட்டிப் போய்க் காட்டினேன். குனிந்து வெல்டிங்கைப் பார்த்தாள். "இதுல ஆட்டுக்குட்டியக்கூட ஏத்த மாட்டேன்" என்று கடைக்காரர் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டு நடந்துவிட்டாள். அண்ணன் செய்து கொடுத்தால்தான் ஆயிற்று என்கிறாள்.

மழை பிடித்துவிட்டால் ஏரிக்குள் இறங்க முடியாது. அதற்கு முன்னால் வேண்டும். உங்களிடம் நான் எதையும் கேட்டதில்லை, மச்சான். இதைக் கேட்கிறேன்.

உங்கள் மாப்பிள்ளை


ஜூன் 20

மாப்பிள்ளைக்கு,

உட்கார்ந்துதான் படித்தேன். போனிலும் கேட்டது.

விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் காருக்குப் பின்னால் கொக்கி இருக்கிறதா, இல்லை ரொட்டிக் கூடையைக் கயிறு போட்டுத்தான் இழுக்கிறீர்களா? தரையிலிருந்து கொக்கிக் குண்டு வரைக்கும் உயரம் அளந்து அனுப்புங்கள். குத்துமதிப்பாக வேண்டாம். இரண்டு பைக்குக்கும் ஹேண்டில்பார் அகலம், சக்கரத்துக்குச் சக்கரம் நீளம், இவையும் வேண்டும். நீங்கள் அளக்க வேண்டாம், பதினேழை அளக்கச் சொல்லுங்கள். உங்களிடம் டேப்பைக் கொடுத்தால் மாவு பிசைகிற கணக்கில் ஒரு கை கூடவும் குறையவும் போடுவீர்கள்.

அவளைப் பதினேழு என்று கூப்பிட்டால் உங்களுக்குப் பிடிக்காது என்று தெரியும். அதற்காக நான் மாற்ற முடியாது. தவழுகிற வயதில் பட்டறைக்குள் நுழைந்தால் அத்தனை சாமானையும் விட்டுவிட்டுப் பதினேழாம் நம்பர் ஸ்பேனரைத்தான் எடுத்து வாயில் வைப்பாள். அப்பா வைத்த பெயர் அது.

இரண்டு பைக்கும் ஒரே பக்கம் பார்த்து நின்றால் ஹேண்டில்பார் முட்டும். அதனால் ஒன்று முன்னால் பார்த்து, ஒன்று பின்னால் பார்த்து நிற்கும். அவளுடையது முன்னால் பார்க்கும். உங்களுடையது பின்னால் பார்க்கும். நீங்கள் பைக்கில் ஏறினால் மாவு மூட்டையைச் சீட்டில் வைத்த மாதிரிதானே இருக்கும், எந்தப் பக்கம் பார்த்தால் என்ன. ஆக்சிலை நடுவிலிருந்து கொஞ்சம் பின்தள்ளிப் போடுவேன். முன்பக்கம் கனம் விழ வேண்டும். பின்னால் கனம் போனால் டிரெய்லர் வாலை ஆட்டும், ஆட்ட ஆரம்பித்தால் காரையும் சேர்த்துப் புரட்டிவிடும்.

அப்பா காலத்து வழக்கம் உங்களுக்குத் தெரிந்திருக்காது. இந்தப் பட்டறையில் நட்டை இறுக்கியவர் அதன்மேல் ஒரு புள்ளி பெயிண்ட் வைத்தாக வேண்டும். அப்பா வெள்ளை, நான் மஞ்சள், அவள் சிவப்பு. நாளைக்கு ஒன்று கழன்றால் யார் கை என்று தெரிய வேண்டும் அல்லவா. அவளுடைய சிவப்பு டப்பா காய்ந்துபோய் அலமாரியில் அப்படியே இருக்கிறது. இந்த டிரெய்லரில் எல்லாம் மஞ்சளாகத்தான் இருக்கும்.

வந்து பார்க்கவில்லையே என்று நினைக்க வேண்டாம். கையில் வேலையை வைத்துக்கொண்டு எப்படிக் கிளம்புவது. டிரெய்லரோடு வருகிறேன்.

மச்சான்


ஜூலை 2

அன்புள்ள மச்சானுக்கு,

அளவெல்லாம் தனித்தாளில் இருக்கிறது. அவள்தான் அளந்தாள். நான் டேப்பின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு நின்றேன், அதிலும் கோணலாகப் பிடிக்கிறேன் என்று திட்டு வாங்கினேன். இரண்டு பைக்கையும் அளந்து முடிப்பதற்குள் மூன்று தடவை ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். ஆனாலும் முகத்தில் ஒரு வெளிச்சம். இந்த வீட்டில் கொஞ்ச நாளாக மாத்திரை நேரம் தவிர வேறு பேச்சே இல்லை. இப்போது சாப்பிடும்போதுகூட ஆக்சில், சேனல் என்றுதான் பேசுகிறாள்.

உங்கள் கடிதத்தை நான் சத்தமாகப் படிக்க வேண்டும். அவள் கண்ணை மூடிக்கொண்டு கேட்பாள். மாவு மூட்டை வந்த இடத்தில் சிரித்து இருமல் வந்துவிட்டது. அதை இன்னொரு தடவை படிக்கச் சொன்னாள்.

அவள் சொல்லச் சொன்னவை: ஏற்றுகிற பலகை நீளமாக, சாய்வு குறைவாக இருக்க வேண்டும். மற்றவர்கள் தள்ளி ஏற்றி, தான் பார்த்துக்கொண்டு நிற்பது நடக்காதாம், அவளே தள்ளி ஏற்றுவாளாம். முன்சக்கரம் போய்ச் சொருகுகிற கவ்வி அவள் பக்கத்துக்கு நல்ல கனமாக வேண்டும். பெயிண்ட், அலங்காரம் எதுவும் வேண்டாம். "அண்ணனுக்கு ஒண்ணு கைல கெடச்சா நகாசு பண்ணிக்கிட்டே இருப்பான், அது வேண்டாம்னு எழுது" என்றாள்.

நீங்கள் எப்போது வருவீர்கள் என்று அவள் கேட்கவில்லை. ஆனால் உங்கள் ஊர்ப் பக்கம் மழையா, சாலை எப்படி என்று தினமும் கேட்கிறாள். எனக்குப் புரிகிறது. உங்களுக்கும் புரிந்தால் நல்லது.

மாப்பிள்ளை (மாவு மூட்டை)


ஜூலை 27

மாப்பிள்ளைக்கு,

பிரேம் முடிந்தது. ஆங்கிள் இரும்பு எல்லாம் அறுத்து, மூலைக்கு மூலை அளந்து, இரண்டு மூலைவிட்டமும் மயிரிழைகூடப் பிசகாமல் நிற்கிறது. ஆக்சிலையும் போட்டேன். போட்டு ஒரு வாரம் கழித்துப் பார்த்தேன், எனக்கு என்னவோ திருப்தியாக இல்லை. அறுத்துவிட்டேன். இன்னும் கொஞ்சம் பின்னால் தள்ளிப் போடப் போகிறேன். பட்டை ஸ்பிரிங்கும் மாற்ற வேண்டியிருக்கும். இப்போது இருப்பது கொஞ்சம் விறைப்பு. பள்ளத்தில் இறங்கினால் பைக் குதிக்கும்.

அவசரம் வேண்டாம் என்று அவளிடம் சொல்லுங்கள். அவசரத்தில் போட்ட வெல்டிங் அவளுக்கே பிடிக்காது. உங்கள் கல்யாணத்தன்று நடந்தது ஞாபகம் இருக்கிறதா? உங்கள் ஆட்கள் எல்லாம் மண்டபத்தில் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். பெண்ணைக் காணோம். பெண் ஓடிப்போய்விட்டாள் என்றே உங்கள் சித்தப்பா முடிவு கட்டிவிட்டார். நான் பட்டறைக்கு ஓடினேன். கல்யாண உடையை இடுப்பில் சொருகிக்கொண்டு ஒரு சரக்கு வண்டிக்கு அடியில் படுத்திருக்கிறாள். ஒரு பக்கம் சக்கரம் கழற்றியபடி இருந்ததாம், திறந்த வேலையை விட்டு எழுந்து போகக் கூடாது என்று அப்பா சொன்னதாம். நான் காலைப் பிடித்து இழுத்தேன். "முடிச்சிட்டுத்தாண்ணா வருவேன்" என்றாள். முடித்துவிட்டுத்தான் வந்தாள். போட்டோவில் அவள் கையைப் பின்னால் மறைத்துக்கொண்டு நிற்பது நகத்தில் கிரீஸ் என்பதால்தான். வெட்கம் என்று உங்கள் வீட்டார் நினைத்துக்கொண்டார்கள்.

திறந்த வேலையை விட்டுப் போக அவளுக்குத் தெரியாது. அது அவள் ரத்தத்திலேயே இல்லை.

மச்சான்


ஆகஸ்ட் 18

அன்புள்ள மச்சானுக்கு,

ஆக்சில் போட்டாயிற்றா?

தினமும் மாலையில் ஷெட்டுக்குப் போய்த் தன் பைக்கில் ஏறி உட்காருகிறாள். ஸ்டாண்டில் நிற்கிற பைக்தான். நான் உதைத்து ஸ்டார்ட் செய்து கொடுக்க வேண்டும். அவளால் உதைக்க முடியவில்லை. போன மாதம் வரைக்கும் முடிந்தது. இன்ஜின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருப்பாள், பிறகு நான் கையைப் பிடித்து இறக்குவேன். எதிர்வீட்டு அம்மா முதலில் சத்தம் என்று முறையிட்டார்கள். பிறகு விஷயம் தெரிந்து, இப்போது அந்த நேரத்துக்குத் தானே வந்து ஷெட் கதவைத் திறந்துவிடுகிறார்கள்.

கிளட்சைப் பிடிக்க இரண்டு கையும் வேண்டியிருக்கிறது. நான் லீவரை இளக்கிக் கொடுத்திருக்கிறேன், தப்பாகத்தான் செய்திருப்பேன். அவள் அதற்குத் திட்டக்கூட இல்லை.

பிரேமும் சக்கரமும் இருந்தால் போதும், மச்சான். விளக்கு வேண்டாம், பெயிண்ட் வேண்டாம். துருப்பிடித்தாலும் பரவாயில்லை. டிரெய்லர் நீண்ட நாள் உழைக்க வேண்டும் என்று நீங்கள் நினைக்கிறீர்கள். எனக்கு ஒரே ஒரு பயணத்துக்குத்தான் வேண்டும். தயவுசெய்து.

மாப்பிள்ளை


செப்டம்பர் 6

மாப்பிள்ளைக்கு,

விளக்கு இல்லாமல் டிரெய்லரைச் சாலையில் இழுக்க முடியாது. பின்னால் வருகிறவன் இடித்தால் யார் பதில் சொல்வது? வயரிங் இழுத்துக்கொண்டிருக்கிறேன். மட்கார்டு வாங்கியது சரியில்லை, நானே தகட்டை வளைத்துச் செய்கிறேன். அடிப்பூச்சுக்குப் பிரைமர் அடித்தது காற்றில் தூசி ஒட்டிவிட்டது, தேய்த்து மறுபடி அடிக்க வேண்டும். நீலம் அடிக்கலாமா, சாம்பலா என்று அவளிடம் கேட்டு எழுதுங்கள். வேண்டாம் என்று சொன்னாலும் ஒரு நிறம் சொல்லித்தான் ஆக வேண்டும்.

பலகை நீளமாகக் கேட்டாளே, அது மடங்குகிற மாதிரி செய்ய வேண்டும், இல்லாவிட்டால் டிரெய்லருக்கு மேலே நீட்டிக்கொண்டு நிற்கும். கீல் நல்லதாகக் கிடைக்கவில்லை.

என்னை விரட்ட வேண்டாம். ரொட்டி வேலை வேறு, இரும்பு வேலை வேறு. உங்கள் அடுப்பில் நேரமானால் கருகும். என் வேலையில் நேரம் எடுத்தால்தான் நிற்கும். யாருக்காகச் செய்கிறேன் என்று எனக்குத் தெரியாதா? அவள் உங்களுக்குப் பெண்டாட்டி ஆவதற்கு முன்னாலேயே எனக்குத் தங்கை.

கிளட்ச் கேபிளின் மேல்முனையில் ஒரு சின்னத் திருகு இருக்கும். அதை உள்பக்கம் திருப்ப வேண்டும், வெளிப்பக்கம் இல்லை.

மச்சான்


செப்டம்பர் 24

மச்சானுக்கு,

எங்கள் பேக்கரிக்கு மாவு கொண்டுவருகிற லாரி டிரைவர் உங்கள் பட்டறை வழியாகத்தான் வருவார். நான் அவரிடம் போகிறபோக்கில் எட்டிப் பார்த்துவிட்டு வாருங்கள் என்று சொன்னேன். உளவு பார்க்கச் சொன்னேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள். நேற்று வந்து சொன்னார். "ஜோரா நிக்குது சார். பெயிண்ட் அடிச்சு, லைட் போட்டு, தார்ப்பாய் போத்தி வெச்சிருக்காரு. தார்ப்பாய் மேல சருகு குவிஞ்சு கெடக்கு. போன மாசமும் அப்படியேதான் நின்னுச்சு."

நான் அவரை இரண்டு தடவை கேட்டேன். அவர் சத்தியம் பண்ணாத குறையாகச் சொன்னார்.

என்ன மனுஷன் நீங்கள்? பிரைமரில் தூசி ஒட்டிவிட்டது, கீல் கிடைக்கவில்லை என்று எனக்கு எழுதிய நாளில் அது முடிந்து தார்ப்பாய்க்கு அடியில் நின்றிருக்கிறது. இங்கே ஒவ்வொரு நாளும் அவள் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிக்கொண்டிருக்கிறாள். நீங்கள் ஒரு தடவைகூட வந்து பார்க்கவில்லை. கல் நெஞ்சு என்று நேற்று அவள் முன்னாலேயே சொல்லிவிட்டேன். வாழ்க்கையில் முதல் தடவையாக உங்களைத் திட்டினேன்.

அவளுக்குக் கோபம் வரும் என்று நினைத்தேன். அவள் சிரித்தாள், மச்சான். பிறகு சொன்னாள். சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"திட்டாதீங்க. வேலை பாக்கி இருந்தா நான் எங்கயும் போக மாட்டேன்னு நெனச்சுக்கிட்டிருக்கான். முடிச்சிட்டா போயிடுவேனாம். அதான் பூட்டி வெச்சிருக்கான். பைத்தியம். அவனுக்கு எழுதுங்க. ஒரே ஒரு நட்டை மட்டும் இறுக்காம, மஞ்சள் வைக்காம விட்டுட்டு மத்ததைக் கொண்டு வரச் சொல்லுங்க. வேலை பாக்கிதானே. நான் இருப்பேன்."

கல்யாணத்தன்று அவள் வண்டிக்கு அடியில் படுத்திருந்ததை நீங்கள் எதற்கு எழுதினீர்கள் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. எனக்கு உங்கள்மேல் இருந்த கோபம் பாதி போய்விட்டது. பாதி இருக்கிறது. வானம் கறுத்துக்கொண்டு வருகிறது. உடனே வாருங்கள்.

மாப்பிள்ளை


செப்டம்பர் 30

மாப்பிள்ளைக்கு,

சனிக்கிழமை வருகிறேன். அவள் பைக் நிற்கிற பக்கத்து இரும்புச் சேனலில், முன்சக்கரக் கவ்விக்கு அடியில் ஒரு நட்டு. பதினேழாம் நம்பர். விரலால் திருகி விட்டிருக்கிறேன், இறுக்கவில்லை. டிரெய்லர் ஓட அதனால் ஆபத்து ஒன்றும் இல்லை, பெல்ட் கட்டினால் பைக் நிற்கும்.

சாம்பல் நிறம்தான் அடித்தேன்.

மச்சான்


அக்டோபர் 11

மாப்பிள்ளைக்கு,

ஊர் வந்து சேர்ந்தேன். வரும் வழியெல்லாம் கண்ணாடியில் பின்னால் பார்த்துக்கொண்டே வந்தேன். டிரெய்லரை உங்களிடம் விட்டுவிட்டுத்தான் வருகிறேன் என்று தெரியும். ஆனாலும் ஏதோ கழன்று சாலையில் விழுந்துவிட்ட மாதிரியே இருந்தது.

நான் பட்டறையிலிருந்து உங்கள் ஊருக்குக் கிளம்பிய அன்று காலையில்தான் மழை பிடித்தது. ஏரிக்குள் முழங்கால் சேறு என்று உங்கள் ஊர் எல்லையிலேயே சொல்லிவிட்டார்கள். ஒரு மாதம் முன்னால் கொண்டுவந்திருந்தால் தரை காய்ந்து கிடந்திருக்கும். நீங்கள் அதைச் சொல்லவில்லை. அவளும் சொல்லவில்லை. இரண்டு பேரில் ஒருவராவது சொல்லியிருக்கலாம்.

ஏரி போகட்டும், டிரெய்லரில் பைக்கை நிறுத்தி அதன்மேல் உட்காருகிறேன், தெருவில் இழுத்துப் போங்கள் என்றாள் அவள். பைக்கைத் தள்ளி ஏற்ற அவள் கை வைத்தாள், நாம் இரண்டு பேரும் பின்னால் நின்று அவளுக்குத் தெரியாத மாதிரி தள்ளினோம். தெரியாமலா இருந்திருக்கும். பெல்ட்டை நான்கு பக்கமும் இழுத்துக் கட்டி, அவளை மழைக்கோட்டோடு தூக்கி உட்கார வைத்தேன். நீங்கள் காரைத் தெருமுனை வரைக்கும் நடை வேகத்தில் ஓட்டினீர்கள். நீங்கள் ஒழுங்காக ஓட்டி நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

நீங்கள் முன்னால் இருந்ததால் பார்த்திருக்க மாட்டீர்கள். அதனால் எழுதுகிறேன். நான் பக்கத்தில் அவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். கைக்கு எலும்புதான் தட்டுப்பட்டது. ஹேண்டில்பாரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஜனம் வாசலுக்கு வாசல் குடை பிடித்து நின்றது, அவள் ஒருவரையும் பார்க்கவில்லை. முனையில் கார் திரும்பியபோது அவள் உடம்பைச் சாய்த்தாள். ஏரியில் வளைவுக்குச் சாய்வாளே, அதே மாதிரி. பைக் கட்டிக் கிடக்கிறது, அது எங்கே சாய்வது. அவள் மட்டும் சாய்ந்தாள்.

திரும்பி வரும்போது குனிந்து என் காதில் என்னவோ கேட்டாள். மழைச் சத்தத்தில் எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. சரி சரி என்று சொல்லிவைத்தேன். பெரிதாக ஒன்றும் இருக்காது.

ஏரி காய்ந்ததும் போகலாம் என்று அவளிடம் சொல்லுங்கள். நானும் வருகிறேன். அந்த நட்டை மட்டும் யாரும் தொட வேண்டாம். துடைக்கும்போதுகூடக் கை படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

மச்சான்


நவம்பர் 8

மாப்பிள்ளைக்கு,

காரியமெல்லாம் முடிந்து நான் கிளம்பியபோது, டிரெய்லரையும் அவள் பைக்கையும் எடுத்துப் போங்கள், என்னால் ஷெட்டைத் திறந்து பார்க்க முடியவில்லை என்றீர்கள். நானும் கட்டி இழுத்துக்கொண்டு வந்தேன். அன்றைக்கு எனக்கு எதையும் பார்க்கிற நிலைமை இல்லை. வழியெல்லாம் மழை.

இன்றைக்குத்தான் பைக்கை இறக்கினேன். கவ்விக்கு அடியில் கையை விட்டேன். நட்டு இறுகி இருக்கிறது. விரலால் அசைத்தால் அசையும்படி விட்டிருந்தேன். இப்போது அசையவில்லை. ஸ்பேனர் போட்டு இறுக்கியிருக்கிறது.

தொட வேண்டாம் என்று எழுதியிருந்தேனே, மாப்பிள்ளை. ஏன் இறுக்கினீர்கள்? நீங்கள் நல்லதுக்குத்தான் செய்திருப்பீர்கள். லொடலொடவென்று ஆடுகிறதே என்று பார்த்திருப்பீர்கள். ஆனாலும் நான் எழுதியிருந்தேன். ஒரு நட்டு. நான் உங்களிடம் கேட்டது அந்த ஒரு நட்டுதான்.

வயதான ஆள் பைத்தியம் மாதிரி எழுதுகிறேன் என்று தெரிகிறது. நட்டு இறுகினால் யாரும் சாக மாட்டார்கள் என்றும் தெரியும். தெரிந்தும் கேட்கிறேன். எப்போது இறுக்கினீர்கள் என்று மட்டும் எழுதுங்கள்.

மச்சான்


நவம்பர் 19

அன்புள்ள மச்சானுக்கு,

நான் இறுக்கவில்லை.

அவள் போவதற்கு முந்தின நாள் மழை விட்டு வெயில் அடித்தது. ஷெட்டுக்குக் கூட்டிப் போகச் சொன்னாள். பல நாளாகக் கட்டிலை விட்டு இறங்காதவள். தூக்கிக்கொண்டுதான் போனேன். ரொட்டித் தட்டுக்குக்கூட அவளைவிடக் கனம் இருக்கும். நாற்காலியில் உட்கார வைத்தேன். பதினேழாம் நம்பர் ஸ்பேனரை எடுத்துக் கொடுக்கச் சொன்னாள். சின்னப் பிள்ளைபோல அதைக் கையில் வைத்துக்கொள்ள ஆசை என்று நினைத்துக் கொடுத்தேன். பால் சுட வைத்துக் கொண்டுவாருங்கள், ஆடை இல்லாமல் ஆற்றிக் கொண்டுவாருங்கள் என்றாள். அது நேரமாகிற வேலை என்று எனக்கு அப்போது தோன்றவில்லை.

நான் திரும்பி வந்தபோது நாற்காலி காலியாக இருந்தது. மாவுச் சாக்கை விரித்து, டிரெய்லருக்குப் பக்கத்தில் மல்லாந்து படுத்திருந்தாள். ஒரு கை சேனலுக்கு அடியில் இருந்தது. ஓடிப்போய்த் தூக்கினேன். மூச்சு இரைத்தது. டம்ளரை இரண்டு கையாலும் பிடிக்க முடியாதவள். எப்படித் திருகினாள் என்று இன்று வரைக்கும் எனக்குத் தெரியவில்லை. முகமெல்லாம் வேர்வை. ஆனால் பட்டறையில் வேலை முடித்து எழுந்திருக்கிற முகம்தான் அது, மச்சான். நீங்கள் பார்த்திருக்கிறீர்கள்.

"ஆச்சு" என்றாள்.

நான் கோபப்பட்டேன். அண்ணனுக்கு வாக்குக் கொடுத்துவிட்டு இப்படிச் செய்யலாமா, அவருக்கு நான் என்ன பதில் சொல்வேன் என்று கேட்டேன். எனக்காகத்தான் கேட்டேன், உங்களுக்காக இல்லை. அவள் சொன்னாள்: "அண்ணன்கிட்ட கேட்டுட்டேன். தெருவுல வரும்போது காதுலயே கேட்டேன். அந்த நட்டை நானே இறுக்கிடட்டுமான்னேன். சரி சரின்னான்."

மழையில் அவருக்குக் கேட்டிருக்காது என்றேன். அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். "கேட்டுச்சு. என் இடுப்பைப் பிடிச்சிருந்த கை இறுகிச்சு" என்றாள்.

மறுநாள் விடிந்ததும் போய்விட்டாள். பெரிய வேதனை இல்லை.

இன்னொன்று. நீங்கள் வந்துபோன பிறகு ஒரு நாள் என்னைச் சிவப்பு நகப்பூச்சு வாங்கி வரச் சொன்னாள். கல்யாணத்துக்குக்கூட நகத்தில் பூசாதவள், இப்போதாவது ஆசைப்படுகிறாளே என்று பேக்கரிக்குப் பக்கத்துக் கடையில் நல்லதாகப் பார்த்து வாங்கினேன். பூசிக்கொள்ளவே இல்லை. அன்றைக்கு மாவுச் சாக்கை மடித்தபோது அந்த பாட்டில் அதற்குள் இருந்தது, மூடி சரியாகப் போடாமல்.

டிரெய்லரில் சேறு படிந்திருக்கும். நட்டைத் துடைத்துப் பாருங்கள்.

மாப்பிள்ளை


நவம்பர் 27

மாப்பிள்ளைக்கு,

துடைத்தேன். சிவப்புதான். அவள் எப்போதும் வைக்கிற இடத்தில்தான் வைத்திருக்கிறாள்.

ஏரி காய்ந்ததும் டிரெய்லரை இழுத்துக்கொண்டு வருகிறேன். அவள் பைக்கோடு உங்கள் பைக்கையும் ஏற்றிக்கொள்வோம், அது பின்னால் பார்த்தே நிற்கட்டும். அவள் பைக்கை நான் ஓட்ட மாட்டேன், நீங்கள் ஓட்டுங்கள். மெதுவாக ஓட்டினால் போதும், நான் பக்கத்தில் நடந்து வருகிறேன்.

அவள் கேட்டது எனக்குக் கேட்டது, மாப்பிள்ளை. மழையிலும் நன்றாகவே கேட்டது.

மச்சான்